கத்தி வைக்கும் விதம், மாத்திரையின் படிகம், நாற்காலியின் வளைவு: காப்புரிமை எதைப் பிடிக்கும்?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு கண் டாக்டர் கத்தி வைக்கும் விதத்துக்கே பேட்டன்ட் வாங்கினார் என்பது நிஜமா? மாத்திரைக்கு இந்தியாவில் பேட்டன்ட் கிடையாது என்கிறார்களே, அது நிஜமா? மடக்குக் கட்டில் செய்யும் உங்கள் மாமாவுக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. கண் ஆபரேஷனும் மருந்தும் மரச்சாமானும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இவற்றில் ஒருவர் எதை ‘என்னுடையது’ என்று கேட்கலாம், எதைக் கேட்க முடியாது? அதற்குத்தான் இந்தப் பதில். நான் வேதியியல் படித்தவன். சென்னையில் பல வருடங்களாக பேட்டன்ட் ஏஜென்டாக இருக்கிறேன். எழுதிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் மருந்து, கொஞ்சம் மருத்துவக் கருவி, எப்போதாவது மரச்சாமான். கண் மருத்துவர் இல்லை என்பதால், எந்தச் சிகிச்சை யாருக்கு நல்லது என்ற பக்கமே நான் போகவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். காப்புரிமை ஆவணம் முப்பது நாற்பது பக்கம் இருக்கும், படங்கள் இருக்கும், பின்னணிக் கதை இருக்கும். ஆனால் சட்டப்படி உயிர் இருப்பது கடைசியில் வரும் ‘க்ளெய்ம்’ என்ற உரிமைக்கோரல் வாசகங்களில் மட்டும்தான். கிரயப் பத்திரத்தில் வீட்டின் அழகைப் பற்றி எவ்வளவு எழுதினாலும், நான்கெல்லை போட்ட சொத்து விவரம்தான் நிற்கும்; அதே கதைதான் இங்கேயும். ‘நான்கு கால்களும், அவற்றின் மேல் பொருத்திய இருக்கையும், பின்பக்கம் ஒற்றை வளைந்த மரத்தால் ஆன முதுகும் கொண்ட நாற்காலி’ என்று நான் எழுதினால், முதுகை இரண்டு மரங்களால் செய்கிறவர் என் எல்லைக்கு வெளியே நிற்கிறார் என்று வாதாட வழி இருக்கிறது. ‘ஒற்றை’ என்ற அந்த ஒரு சொல்லைப் போடுவதா வேண்டாமா என்றுதான் நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம். போட்டால் உரிமை சுருங்கும். விட்டால், ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு பழைய நாற்காலி அந்த எல்லைக்குள் வந்து விழும், விண்ணப்பம் அங்கேயே நிராகரிக்கப்படும். ஆகவே ‘இன்னார் லேசிக்குக்குப் பேட்டன்ட் வைத்திருக்கிறார்’ என்று (லேசிக் என்பது கண்ணாடி போடாமல் பார்க்க வைக்கும் லேசர் சிகிச்சை) யாராவது சொன்னால், அவருடைய க்ளெய்ம் என்ன சொல்கிறது என்று கேட்காமல் அந்த வாக்கியத்தை நம்ப வேண்டாம்.

சரி, கத்தி வைக்கும் விதம். அது நிஜம். சாமுவேல் பாலின் என்ற அமெரிக்கக் கண் அறுவை மருத்துவர் 1992 ஜனவரியில் 5,080,111 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கண்புரை ஆபரேஷனில் லென்ஸை எடுக்கவும் புது லென்ஸை வைக்கவும் விழியில் ஒரு வாசல் திறக்க வேண்டும். பழைய முறையில் அது பெரிய வெட்டு. முடித்ததும் தையல் போட வேண்டும். தையலின் இழுப்பாலேயே பார்வை கொஞ்சம் கோணும். பாலின் கேட்ட உரிமை, விழியின் வெள்ளைப் பகுதியில் இரண்டு சாய்கோடுகள் நடுவில் கூர்மையாகச் சந்திக்கிற மாதிரி வெட்டுவதற்கு. அப்படி வெட்டி உள்ளே சுரங்கம்போலக் கொண்டுபோனால், கண்ணின் உள்ளழுத்தமே வெட்டின் உள் உதட்டை மூடி வாசலை அடைத்துவிடும், தையல் தேவைப்படாது. அந்த உரிமையில் கருவி எதுவும் கிடையாது. கை செய்யும் வேலையின் வடிவமே காப்புரிமையாகிவிட்டது.

பிறகு அவர் ஜாக் சிங்கர் என்ற சக மருத்துவர் மீதும் அவர் வேலை பார்த்த மருத்துவ நிறுவனத்தின் மீதும் வெர்மான்ட் மாநிலத்தில் வழக்குப் போட்டார். அமெரிக்க மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கற்று, தன் நோயாளிக்குச் செய்கிறார்; அதற்கு உரிமத்தொகை என்றால் மருத்துவம் எப்படிப் பரவும்? இந்த மாதிரி வெட்டு அதற்கு முன்பே பழக்கத்தில் இருந்தது என்ற வாதமும் வலுவாக எழுந்தது. 1996 மார்ச்சில் அந்த வழக்கின் க்ளெய்ம்கள் செல்லாது என்ற நீதிமன்ற ஆணையோடு விஷயம் முடிந்தது. அதே வருடம் செப்டம்பர் 30 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. அதன்படி காப்புரிமை பெற்ற ஒரு சிகிச்சை முறையை ஒரு மருத்துவர் செய்தால், அவரிடமோ அவருடைய மருத்துவமனையிடமோ நஷ்டஈடு கேட்க முடியாது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தவறவிடுவது. அமெரிக்காவில் இன்றும் அறுவை முறைக்குக் காப்புரிமை வாங்கலாம். டாக்டர் மீது பாய முடியாது, அவ்வளவுதான். காப்புரிமை உள்ள கருவியையோ மருந்தையோ பயன்படுத்தினால் அந்த விலக்கும் கிடையாது.

இந்தியாவில் அந்தக் கதவே மூடியிருக்கிறது. 1970-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 3(i) பிரிவின்படி, மனிதருக்குச் செய்யும் அறுவை, மருத்துவ, நோயறியும் முறைகள் கண்டுபிடிப்பாகக் கருதப்படாது. உலக வர்த்தக அமைப்பின், அறிவுசார் சொத்துரிமை பற்றிய ட்ரிப்ஸ் ஒப்பந்தமும் 27-ஆவது விதியில் நாடுகளுக்கு இந்த விலக்கை அனுமதிக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் பல லட்சம் ஏழைகளுக்குக் கண்புரை எடுக்கப்பட்டது தையல் இல்லாத சிறு வெட்டு முறையில்தான். அந்த முறையைப் பல நாட்டு மருத்துவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று மெருகேற்றினார்கள். ஒரு சர்ஜனின் கைப்பழக்கத்துக்கு வேலி போடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தொழிலே வேலி போடுவதுதான் என்றாலும் இதைச் சொல்கிறேன்.

கருவி என்றால் நியாயம் வேறு. நியூயார்க் மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் டாக்டர் அதிர்வுக் கருவியால் தன் பல்லைச் சுத்தம் செய்தபோது, இதே அதிர்வால் கண்புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்ச முடியாதா என்று யோசித்தார். 1967-ல் அதை மனிதருக்குச் செய்தார். பொறியாளர் ஆன்டன் பான்கோவுடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1971-ல் வந்தது. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் ‘பேக்கோ’ என்று சொல்வது அதன் வழி வந்ததுதான். பாட்ரிசியா பாத் 1988-ல் கண்புரையை லேசரால் ஆவியாக்கி எடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மருத்துவக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள், தகும். ஆனால் வழக்கமான முறையாக நிலைத்தது கெல்மனின் அதிர்வுதான். காப்புரிமை கிடைத்தது என்பதற்கும் அந்த முறை ஊர் முழுக்கப் பரவியது என்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

கண் சம்பந்தமான காப்புரிமைகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று, அதில் நம்ம ஊர்த் தொடர்பும் இருக்கிறது. ரங்கசாமி ஸ்ரீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டங்கள் வாங்கிவிட்டு அமெரிக்கா போய், ஐ.பி.எம் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். அவரும் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் என்ற இருவரும் புற ஊதாக் கதிர் தரும் எக்சைமர் லேசரை வைத்து பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். 1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி தெரிவித்தல் பண்டிகை விருந்துக்கு மறுநாள். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஸ்ரீனிவாசன் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை அதன் மேல் பாய்ச்சினார். வெட்டு சுத்தமாக விழுந்தது. ஓரம் கருகவில்லை. சாதாரண பச்சை லேசரில் அதே வேலையைச் செய்தபோது சுற்றிலும் தீய்ந்துபோனது.

ஏன் இந்த வித்தியாசம்? 193 நானோமீட்டர் ஒளியைத் திசு மிக மெல்லிய மேல்படலத்திலேயே முழுக்க உறிஞ்சிவிடுகிறது. அந்த ஒளித்துகளுக்கு மூலக்கூறின் பிணைப்புகளை நேரடியாக உடைக்கும் அளவு ஆற்றல் இருக்கிறது. துடிப்பு ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் முடிந்துவிடுகிறது. வெப்பம் பக்கத்துக்குப் பரவ நேரமே இல்லை. உடைந்த துணுக்குகள் வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே பறந்துவிடுகின்றன. ஒரு துடிப்புக்குக் கருவிழியில் கழிவது ஏறத்தாழ கால் மைக்ரான். ஸ்டீவன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் 1983-ல் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து இதைக் கருவிழிக்குக் கொண்டுபோனார். கண்ணாடி போடாமல் பார்க்க வைக்கும் லேசர் சிகிச்சை அனைத்தும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஐ.பி.எம் காரர்களின் காப்புரிமை 1988 நவம்பரில் கிடைத்தது. கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடியைத் திறந்து உள்ளே லேசர் பாய்ச்சும் முறைக்கு கோலம் பேமன் என்ற மருத்துவர் 1989-ல் தனியாக ஒரு காப்புரிமை வாங்கினார். பார்த்தீர்களா, ‘லேசிக் பேட்டன்ட்’ என்று ஒற்றைப் பொருள் எதுவும் கிடையாது. ஒளிக்கு ஒருவர், மூடிக்கு ஒருவர், இயந்திரத்துக்கு வேறு சிலர்.

இப்படிப் பல கைகளில் சிதறிக் கிடந்தால் ஒருவரை ஒருவர் முடக்கிவிடலாம். அதனால் சம்மிட், விசக்ஸ் என்ற இரண்டு லேசர் நிறுவனங்கள் 1992-ல் தங்கள் காப்புரிமைகளை ஒரே பொதியாகக் கட்டின. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் 250 டாலர் உரிமத்தொகை. விசக்ஸ் இயந்திரத்தில் அதற்கென்று விற்கப்படும் ஒரு அட்டையைச் செருகினால்தான் லேசர் இயங்கும். போட்டி போட வேண்டிய இருவர் கைகோத்து விலை நிர்ணயிக்கிறார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1998-ல் குற்றம் சாட்டியது, பொதி கலைந்தது. 2000-ல் விசக்ஸ் தொகையை 100 டாலராகக் குறைத்தது. டாக்டரின் கையைக் கட்ட முடியாது என்று 1996-ல் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அவர் தொடும் இயந்திரத்துக்குள்ளேயே கட்டணம் ஏறிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹரால்ட் ரிட்லி இருக்கிறார். கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதலில் வைத்தவர், 1949 நவம்பரில், லண்டனில். விமானத்தின் மேல்மூடிப் பிளாஸ்டிக் சில்லுகள் போர் விமானிகளின் கண்ணுக்குள் போயும் கண் அவற்றை ஒதுக்கவில்லை என்று கவனித்து, அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்ய வைத்தார். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. மதுரையில் 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்புக் கூடம் தொடங்கி, வெளிநாட்டில் ஏறத்தாழ 100 டாலர் விலை சொல்லப்பட்ட லென்ஸை 10 டாலருக்குள் கொண்டுவந்தபோது, அந்த அடிப்படை லென்ஸுக்கு யாரும் வேலி போட்டிருக்கவில்லை. இதில் உறுதியானது இவ்வளவுதான். ‘காப்புரிமை இல்லாததால்தான் விலை இறங்கியது’ என்று சிலர் எழுதுகிறார்கள்; அதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். தொழில்நுட்பம் கைமாறியது, தரம் பிடிபட்டது, லாபத்தைவிட எண்ணிக்கையைப் பார்த்த ஒரு நிர்வாகம் இருந்தது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இனி மாத்திரை. ‘இந்தியாவில் மருந்துக்குப் பேட்டன்ட் கிடையாது’ என்பது ஒரு காலத்தில் பாதி உண்மை, இன்று தவறு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் ஒரு அறிக்கை கொடுத்தார். 1970-ஆம் வருடச் சட்டம் பெருமளவு அதன் மேல் எழுந்தது. மருந்துக்கும் உணவுக்கும் பொருளின் மீது உரிமை கிடையாது, செய்முறையின் மீது மட்டும் என்பது அதன் சாரம். அந்தச் செய்முறை உரிமைக்கும் அதிகபட்சம் ஏழு வருடம். இது ஒரு வேதியியலாளருக்கு என்ன அர்த்தம் தருகிறது? ஒரு மூலக்கூறைச் சேர்த்துக்கட்டப் பல வழிகள் இருக்கும். மூலநிறுவனம் முதலில் வளையத்தை மூடிவிட்டுப் பக்கச் சங்கிலியைச் சேர்க்கிறது என்றால், நீங்கள் சங்கிலியை முதலில் சேர்த்துவிட்டு வளையத்தை மூடலாம். கரைப்பானை மாற்றலாம், வினையூக்கியை மாற்றலாம். கடைசியில் கிடைப்பது அதே வெள்ளைத் தூள். போன பாதை வேறு. முப்பது வருடங்களுக்கு மேல் இந்தியக் கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கூடங்கள் இந்த மாற்றுப் பாதை தேடுவதில் தேர்ந்தன. உலகத்துக்கு மலிவான மருந்து போனதற்கு அந்தப் பயிற்சி முக்கியமான காரணம். 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்கும் காப்புரிமை உண்டு, 20 வருடம்.

அந்த மாற்றத்தோடு 3(d) என்ற பிரிவும் வந்தது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புதிய வடிவம், அதன் குணப்படுத்தும் திறனைக் கூட்டினால் தவிர, புதிய கண்டுபிடிப்பு ஆகாது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் என்ற மருந்தின் வழக்கு இதன் மீதுதான் நடந்தது. அந்த மருந்தில் இருக்கும் இமாட்டினிப் என்ற மூலக்கூறுக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1990-களிலேயே வெளிநாடுகளில் காப்புரிமை பெற்றிருந்தது. அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்கு உரிமை கிடையாது. 1998-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் அது தாக்கல் செய்தது, அந்த மூலக்கூறின் மெசிலேட் உப்பினுடைய ‘பீட்டா’ படிக வடிவத்துக்கு.

படிக வடிவம் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் பார்ப்போம், ஏனென்றால் பலர் இதை வெறும் சட்டத் தந்திரம் என்று நினைக்கிறார்கள். ஒரே மூலக்கூறு திடப்பொருளாக உறையும்போது வெவ்வேறு விதமாக அடுக்கிக்கொள்ளலாம். அடுக்கு மாறினால் கரையும் வேகம், ஈரம் உறிஞ்சும் தன்மை, மாத்திரை இயந்திரத்தில் தூள் ஓடும் விதம் எல்லாம் மாறும். எய்ட்ஸ் மருந்தான ரிட்டோனாவிருக்கு நடந்ததைப் பாருங்கள். 1996-ல் சந்தைக்கு வந்து, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. 1998-ல் திடீரென்று அதுவரை யாரும் பார்த்திராத இரண்டாவது படிக வடிவம் தலைகாட்டியது. அது அதிக நிலைத்தன்மை உள்ளது, ஆனால் கரைவது மிகக் குறைவு. கரையாத மருந்து உடம்பில் ஏறாது. அபாட் நிறுவனம் அந்தக் காப்ஸ்யூலைத் திரும்பப் பெற்று, வேறு விதமாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. ஆகவே படிகத்தைத் தேடுவது உண்மையான வேதியியல், கஷ்டமான வேதியியல். அதற்கு 20 வருடத் தனியுரிமை தரும் அளவுக்கு நோயாளிக்குப் புதிதாக ஏதாவது கிடைத்ததா என்பதுதான் வழக்கு.

சென்னை அலுவலகம் 2006-ல் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(d) அரசியல் சட்டத்துக்கு முரண் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்தது. தூள் நன்றாக ஓடுகிறது, ஈரம் குறைவாக உறிஞ்சுகிறது என்பவை பயன்தான், ஆனால் நோயைக் குணப்படுத்தும் திறன் அதனால் கூடவில்லை என்றது. உடம்பில் 30 சதவீதம் கூடுதலாக ஏறுகிறது என்ற தரவும் போதவில்லை. அந்தக் கூடுதல் உண்மையில் சிகிச்சையை மேம்படுத்தியது என்று காட்ட வேண்டும் என்றது. மாதத்துக்கு ஏறத்தாழ ₹1,20,000 ஆன மருந்தை உள்நாட்டு நிறுவனங்கள் ₹10,000-க்குள் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தீர்ப்பு மாறியிருந்தால் எத்தனை வீடுகளில் சிகிச்சை நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தீர்ப்பிலிருந்து ‘படிகத்துக்கு இந்தியாவில் உரிமையே கிடையாது’ என்று முடிவுகட்டுவது தவறு. சரியான சிகிச்சைத் தரவு இருந்தால் வழி திறந்தே இருக்கிறது. உரிமை கிடைத்தாலும் அது முற்றானதல்ல. புற்றுநோய் மருந்து சொராஃபெனிப்புக்கு பேயர் நிறுவனம் முறையான இந்தியக் காப்புரிமை வைத்திருந்தது. மாதச் செலவு ₹2,80,428. 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் தயாரிக்கலாம் என்ற அனுமதி, கொடுக்கப்பட்டது. ₹8,880-க்கு விற்க வேண்டும், பேயருக்கு முதலில் 6, பிறகு 7 சதவீத உரிமத்தொகை. இந்த வழியில் இந்தியா கொடுத்த முதல் கட்டாய உரிமம் அது. இப்படியெல்லாம் செய்தால் புது மருந்து கண்டுபிடிக்கும் ஊக்கம் குறையுமா என்பதில் பொருளாதார வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. அதை நிரூபணமான உண்மைபோல இரண்டு பக்கத்தாரும் பேசுவதை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். என் சொந்தக் கருத்து: மூலக்கூறுக்கு வலுவான உரிமை கொடுங்கள், அதன் உடுப்பை மாற்றுவதற்குக் கண்டிப்பாக இருங்கள்.

மரச்சாமானுக்கு வருவோம். இங்கே மைக்கேல் தோனெட்டைத் தாண்டிப் போக முடியாது. காப்பிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், முதுகு வட்டமாக வளைந்த, பிரம்பு பின்னிய மர நாற்காலி. தோனெட் ஜெர்மனியில் மெல்லிய மரத் தகடுகளைப் பசையில் ஊறவைத்து ஒட்டி வளைத்தவர். 1842-ல் வியன்னா அரசவை அவருக்குத் தனி உரிமை கொடுத்தது. ஆனால் ஈரமான நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தால் பசை விட்டுப்போகும். முழு மரத்தையே வளைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஆவியில் வெந்த மரம் நார்வாக்கில் நூற்றுக்கு இருபது முப்பது பங்கு வரை சுருங்கிக் கொடுக்கும். நீளச் சொன்னால் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தாங்காது, வெளிப்பக்கம் பிளந்துவிடும். தோனெட் செய்தது, வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையைப் படிய வைத்து, மரத்தின் இரு நுனிகளையும் அதில் இறுகப் பிடித்துவிட்டு வளைத்தது. பட்டை நீளாது, ஆகவே வெளிப்பக்க நாரும் நீள முடியாது. வளைவின் சுமை முழுதும் உள்பக்கச் சுருக்கத்தில் போய் விழுகிறது. மரம் உடையாமல் திரும்பிவிடுகிறது. மரவேலை தெரிந்த உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்.

1856-ல் இந்த வளைப்பு முறைக்கு அவருக்குத் தனி உரிமை கிடைத்தது. 1859-ல் வந்த 14-ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு, அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி. கவனியுங்கள், உரிமை மரத்தை வளைக்கும் முறைக்கு இருந்தது. 1869-ல் அது முடிந்ததும் ஜேக்கப் அண்ட் ஜோசப் கோன் போன்ற போட்டியாளர்கள் கூட்டமாக இறங்கினார்கள். தோனெட் நிறுவனம் மூழ்கிவிடவில்லை. காடுகளும் ஆலைகளும் பழகிய தொழிலாளர்களும் அவர்களிடம் இருந்தார்கள். 1930-க்குள் அந்த ஒரு நாற்காலி மட்டும் 5 கோடி விற்றதாகக் கணக்கு.

அந்த நிறுவனமே பின்னால் ஒரு வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றது. 1920-களின் கடைசியில், பின்கால் இல்லாமல் முன்பக்க எஃகுக் குழாயிலேயே நிற்கும் நாற்காலி ஐரோப்பாவில் பரபரப்பானது. மார்ட் ஸ்டாம் என்ற கட்டடக் கலைஞர் 1927-ல் ஸ்டுட்கார்ட் கண்காட்சியில் வைத்தார்; அதே சமயம் மீஸ் வான் டெர் ரோ என்ற இன்னொரு கட்டடக் கலைஞரும் ஒன்று செய்தார். ஸ்டாமின் உரிமையை வாங்கிய ஆன்டன் லோரென்ஸ், தோனெட் மீது வழக்குப் போட்டார். 1932-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம், அந்தக் கனசதுரமான நேர்கோட்டு உருவம் ஸ்டாமின் கலைப்படைப்பு, பதிப்புரிமைக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. மீஸ் வைத்திருந்ததோ, குழாயின் வளைவு வில்போலக் கொடுத்து வாங்கும் தன்மைக்கான காப்புரிமை. உருவம் ஒரு உரிமையில், வேலை செய்யும் விதம் இன்னொரு உரிமையில். மரச்சாமான் துறையின் குழப்பம் முழுக்க இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருவது.

இந்தியாவிலும் அதே பிரிவுதான். மடக்குக் கட்டிலில் உங்கள் மாமா புதுவிதமான கீலோ பூட்டோ செய்திருந்தால், அதாவது ஒரு தொழில்நுட்பச் சிக்கலை இதுவரை யாரும் தீர்க்காத வழியில் தீர்த்திருந்தால், அது காப்புரிமைப் பக்கம், 20 வருடம். கட்டிலின் தோற்றம்தான் புதிது என்றால் 2000-ஆம் வருட வடிவமைப்புச் சட்டத்தில் பதிய வேண்டும். 10 வருடம், கூடுதலாக 5. அந்தப் பதிவில் இயங்கும் முறைக்குப் பாதுகாப்பு கிடையாது, கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும்தான். பதியாமல் விட்டு, ‘என் படம், எனக்குப் பதிப்புரிமை உண்டு’ என்று நினைத்திருந்தால், பதிவு செய்யத்தக்க வடிவத்தில் 50-க்கு மேல் பொருள் தயாரித்தவுடன் அந்தப் பதிப்புரிமையும் போய்விடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நிறையப் பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாது.

நேரில் பார்க்காமல் அவர் கட்டில் எந்தப் பக்கம் விழும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மடக்குச் சாமான் பழைய துறை. சிகாகோவில் சாரா கூட் என்ற பெண்மணி, மேசையாகவும் மாறும் மடக்குக் கட்டிலுக்கு 1885-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதனால் ‘மடங்குகிறது’ என்பது மட்டும் புதுமை ஆகாது. எப்படி மடங்குகிறது, எந்த இடத்தில் எது பிடிக்கிறது என்பதில்தான் புதுமை இருக்க வேண்டும். முதல் வேலையாக, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடல் தளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் மடக்குக் கட்டில்களின் படங்களைப் பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். வாசகம் புரியாவிட்டாலும் படம் அவருக்குப் புரியும். அதற்கு முன் யூடியூபிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட வேண்டாம், கண்காட்சியில் வைக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். வெளியே தெரிந்துவிட்டால் புதுமை போய்விட்டது என்று அவருடைய சொந்த வீடியோவையே காட்டி நிராகரிக்கலாம். தேடிப் பார்த்த பிறகும் புதிதாகத் தெரிந்தால், தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். தனிநபருக்கு ஆன்லைனில் ₹1,600 கட்டணம். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் நேரம் கிடைக்கும். அந்த ஒரு வருடத்தில் கட்டில் விற்குமா என்று பார்த்துவிட்டு, மேலே செலவு செய்வதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கட்டும்.